ஜூன் ஒண்ணாந் தேதிக்காரர்கள்

முதல் அட்டையை இழுத்ததும் திரையில் வந்த எண்ணை ரீபா சும்மா பார்த்துவைத்தாள். இரண்டாவது அட்டையை இழுத்ததும் அதே எண் வந்தது. பட்டையில் அழுக்கு இருக்கும் என்று முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி இழுத்தாள். அதே எண். அட்டைகளை முன்பின்னாக மாற்றிப் பார்த்தாள், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுப் பார்த்தாள், கம்பியைப் பிடுங்கிச் செருகிப் பார்த்தாள். அட்டைகளின் மேலே அச்சடித்திருந்த டோக்கன் நம்பர் வேறு வேறுதான். பின்புறத்துக் கறுப்புப் பட்டைக்குள் பதிந்திருந்த ரகசிய எண் மட்டும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தது. அப்படி வரவே வராது என்று அவளுடைய கம்பெனி ஒரு நூல் மில்லுக்கு எழுதிக் கொடுத்திருந்தது. அந்த வரியை யோசித்து டைப் அடித்தது சாட்சாத் ரீபாவேதான்.

கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடி. மூன்று கம்ப்யூட்டர், நறநறவென்று பல்லைக் கடிக்கும் ஒரு பிரிண்டர், மின்சாரம் போனால் வியர்த்து ஒழுக ஒரு தகரக் கூரை. முதலாளி கிங்ஸ்டன் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் கீபோர்டு வாசிக்கிறவன். ரீபாவும் அதே கோயில் என்பதால் வேலையிலும் அவனை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். தொண்ணூற்றேழாம் வருஷம் பொங்கல் கழிந்த நேரம் அது. கம்ப்யூட்டர் சொல்லிவிட்டால் மறுபேச்சு இல்லை என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. ரயில் டிக்கெட் கம்ப்யூட்டரில் வந்தது, ஜாதகம் கம்ப்யூட்டரில் வந்தது. ஜங்ஷன் பக்கம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் பலகையில் அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்து எழுதிய நாளிலிருந்து கடையில் நிற்க இடமில்லை.

சேரன்மகாதேவி தாண்டி மேற்கே, ஆற்றுக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருந்தது அந்த நூல் மில். விக்கிரமசிங்கபுரத்து மில்லோடு ஒப்பிட்டால் அதன் ஒரு மூலைக்குக் காணாது. ஆனாலும் மூன்று ஷிப்டு ஓடியது. வாசலில் ஆளுக்கொரு பித்தளை டோக்கன் இருக்கும். வருகிறவன் அதை எடுத்துப் பலகையில் மாட்டிவிட்டு உள்ளே போவான். யார் டோக்கனை யார் மாட்டினாலும் பித்தளை வாய் திறந்து சொல்லவா போகிறது? மச்சினனுக்காக மச்சினன் மாட்டினான், தூங்குகிறவனுக்காக முழித்தவன் மாட்டினான். இதை ஒழிக்கத்தான் மில்லில் ஆட்களைக் கவனிக்கும் பெர்சனெல் ஆபீசர் கார்த்திகேசன் காந்த அட்டையும் அதைப் படிக்கும் மிஷினும் வேண்டும் என்று கிங்ஸ்டனைக் கூப்பிட்டார். புரோகிராமை எழுதியவள் ரீபா. அட்டையில் டோக்கன் நம்பரோடு ஒரு ரகசிய எண்ணும் இருக்கும். வாசலில் அட்டையை இழுத்ததும் அந்த ரகசிய எண் சரிதானா என்றும், அதே எண்ணோடு ஏற்கெனவே யாராவது உள்ளே போயிருக்கிறார்களா என்றும் புரோகிராம் பார்க்கும். எல்லாம் சரியென்றால் பச்சை விளக்கு. அதே எண் ஏற்கெனவே உள்ளே இருந்தால் சிவப்பு விளக்கு எரிந்து மணி அலறும். இது போலி அட்டை, இன்னொன்றின் நகல் என்று அர்த்தம்.

எட்டு மாதமாக ஒரு குறையும் இல்லாமல் ஓடிய மிஷினில் போன வாரம் மணி அலறிவிட்டது. அட்டையை இழுத்தவர் எஸ். குற்றாலலிங்கம். அவருக்குக் கொஞ்சம் முன்னால் அதே ரகசிய எண்ணோடு உள்ளே போயிருந்தவர் எஸ். குற்றாலலிங்கம். குழம்ப வேண்டாம். அவர்கள் இரண்டு பேர். அண்ணன் தம்பி பிள்ளைகள். ஒருவருடைய அப்பா சுடலைமுத்து, மற்றவருடைய அப்பா சுப்பையா. தலைப்பிள்ளைக்குத் தாத்தா பெயரை விடவேண்டும் என்பது முறை. இரண்டு வீட்டிலும் தலைப்பிள்ளை ஆண், தாத்தா ஒருவர்தான். ஊரில் பெரிய குற்றாலம், சின்ன குற்றாலம் என்று சொல்லி அடையாளம் வைத்துக்கொண்டார்கள். எப்போதும் வேறு வேறு ஷிப்டில் இருந்தவர்கள். சின்னவர் கேட்டு வாங்கி அண்ணன் இருக்கிற ஷிப்டுக்கு மாறிய முதல் நாளே மணி அடித்தது. சேர்ந்து போய்ச் சேர்ந்து வரலாம், ஒரே சைக்கிள் போதும் என்றுதான் மாறினாராம்.

இரண்டு அட்டையையும் பிடுங்கிக்கொண்டு சின்னவரைச் சஸ்பெண்டு செய்துவிட்டார் கார்த்திகேசன். சின்னவர் ஆற்றில் குளிக்கும்போது பழைய அட்டையைத் தொலைத்து இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் புது அட்டை வாங்கியிருந்தார். அது போதாதா? அண்ணனுடைய அட்டையை யாரிடமோ கொடுத்து நகல் எடுத்துவிட்டான் என்று முடிவாகிவிட்டது. நாளைக்கு, சனிக்கிழமை, முதல் விசாரணை. குற்றம் உறுதியானால் வேலை போகும். மோசடி என்று எழுதி அனுப்பினால் ஏரல் வரைக்கும் ஆற்றோரம் ஒரு மில்லிலும் வாசலில் நிற்க விடமாட்டார்கள். கார்த்திகேசன் அட்டைகளை ஒரு கவரில் போட்டு, எப்படி நகல் எடுத்தான் என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்று அனுப்பியிருந்தார். அந்தக் கவர்தான் இப்போது ரீபாவின் மேஜையில் கிடந்தது.

அவள் புரோகிராமைத் திறந்தாள். ரகசிய எண்ணை எங்கேயும் எழுதி வைக்கக் கூடாது என்பது கிங்ஸ்டன் போட்ட நிபந்தனை. எழுதி வைத்தால் மில் ஆபீசில் எவனாவது திறந்து பார்த்துவிடுவான். எழுதி வைக்காமலே தேவைப்படும்போது கணக்குப் போட்டு வரவழைத்துக்கொள்ள ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள் ரீபா. ஆளின் இனிஷியல், பெயர், பிறந்த தேதி, இந்த மூன்றையும் எண்ணாக்கிப் பெருக்கி, கலைத்து, திருப்பிப் போட்டால் ரகசிய எண் வரும். அன்றைக்கு அதை நினைத்து அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. ஒரே பெயரில் பலபேர் இருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? அதற்காகத்தானே பிறந்த தேதியைச் சேர்த்தாள். இப்போது இருவருடைய பதிவையும் அடுத்தடுத்துத் திரையில் எடுத்தாள். இரண்டிலும் பிறந்த தேதி ஒன்று ஆறு ஐம்பத்தேழு.

ஒன்று ஆறு. மில்லில் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள் எல்லாரையும் காட்டு என்று கம்ப்யூட்டரிடம் கேட்டாள். பெயர்கள் திரையை நிறைத்து மேலே ஓடிக்கொண்டே இருந்தன. பார்க்கிறவர்கள் நெல்லைச் சீமையில் பிள்ளைகள் எல்லாம் நாள் பார்த்து ஒன்றாகக் கிளம்பி வந்தன என்று நினைப்பார்கள். ரீபாவுக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் நின்றும்விட்டது. அவளுடைய பள்ளிச் சான்றிதழிலும் ஜூன் ஒன்றுதான். வீட்டில் அம்மா கேசரி கிண்டுவது ஆகஸ்டில். ஒரு வருஷம் வீணாகக் கூடாது என்று அவளைச் சேர்க்கும்போது அந்தத் தேதியைப் போட்டவர் அவளுடைய அப்பா ஞானசிகாமணி. மில்லை ஒட்டிய ஆற்றங்கரை ஊரில் மிஷன் பள்ளிக்கூடத்துக்கு நெடுங்காலம் தலைமையாசிரியராக இருந்தவர். தானே இரவல் தேதியில் வளர்ந்துவிட்டு, பிறந்த தேதி என்றால் ஆளுக்கு ஆள் வேறாகத்தான் இருக்கும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறாளே, அவளை என்ன சொல்ல!

கிங்ஸ்டன் பாங்குக்குப் போயிருந்தான். அவன் மாடிப்படி ஏறி வந்ததும் ரீபா ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். நகல் எடுக்கவில்லை, நம்முடைய கணக்குத்தான் இரண்டு பேருக்கும் ஒரே எண்ணைக் கொடுத்திருக்கிறது, இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடலாம் என்றாள். அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான். கெட்டவன் இல்லை அவன். மனைவியின் நகையை வைத்துத்தான் இந்த மாடியைப் பிடித்தான் என்று அவளுக்குத் தெரியும். நாங்குநேரிப் பக்கத்தில் இன்னொரு மில்லுக்காரர்கள் இதே புரோகிராமைப் பார்க்க அடுத்த மாதம் வருவதாக இருந்தார்கள்.

“ரீபா, நாளைக்கு முதல் நாளு. பேரு ஊரு கேட்டு எழுதுவாவ, அவ்வளவுதான். ஒண்ணும் முடிஞ்சிராது. புதன்கிழமை ரெண்டாவது நாளு. அதுக்குள்ள நான் பைய பேசி, மிஷின் கோளாறுன்னு முடிச்சிருதேன். புரோகிராமே தப்புன்னு நாமளா போயி சொன்னா, இனிம நம்மள எவன் நம்புவான்?”

நாளைக்கு ஒன்றும் முடிந்துவிடாது என்று அவனுக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நம்புவதற்கு வசதியாக இருந்ததால் நம்பினாள். அன்று சாயங்காலம் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து வரும்போது, புதன்கிழமைக்கு என்ன, கூப்பிடு தூரம்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சனிக்கிழமை அப்பாவிடம் மெதுவாகப் பேச்சைக் கொடுத்தாள். ஞானசிகாமணிக்குப் பழைய பள்ளிக்கூடத்துப் பேச்சு என்றால் பசி தூக்கம் வேண்டாம். ஐந்து வயது முடிந்தால்தான் சேர்க்கலாம், பள்ளி திறப்பது ஜூனில், அதனால் ஜூன் ஒன்றில் ஐந்து முடிகிற மாதிரி போட்டுவிடுவது என்று அவர் சாதாரணமாகச் சொன்னார்.

“பிள்ளை எப்பம் பிறந்துச்சுன்னு கேட்டா, பிசான நெல்லு அறுத்த மறுநாளுன்னு சொல்லுவா ஒருத்தி. ஆத்துல வெள்ளம் வந்துச்சே அன்னைக்குன்னு சொல்லுவா இன்னொருத்தி. வெள்ளத்தைக் கொண்டுபோயி ரெஜிஸ்டர்ல எழுத முடியுமா?”

குற்றாலலிங்கம் என்று இரண்டு பேர், என்று அவள் இழுத்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. மறக்க முடியுமா அவனுகளை! இரண்டு தாய்மாரும் ஆளுக்கொரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரே நாளில் வந்து நின்றார்கள். பெயர் கேட்டால் இரண்டு பேரும் ஒரே பெயரைச் சொன்னார்கள். எவன் மூத்தவன் என்று கேட்டால் தாய்மார்களுக்கே வழக்கு. ஒருத்தி நான்தான் முதலில் பெற்றேன் என்கிறாள், மற்றவள் இல்லை என்கிறாள். அவர் இரண்டு பேரையும் சுவரோடு சேர்த்து நிறுத்தி, எவன் ஒரு விரல் உயரமோ அவன் பெரியவன், மற்றவன் சின்னவன் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான் பெரியதும் சின்னதும். வளர்ந்த பிறகு சின்னவன்தான் பனை மாதிரி நெட்டையாகப் போனான். ஆனாலும் அவன் இன்றைக்கும் மற்றவனை அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறான் என்று சொல்லி அப்பா சிரித்தார். ரீபா சிரிக்கவில்லை. மறுநாள் கோயிலில் கிங்ஸ்டன் கீபோர்டு வாசித்தான். அவள் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாயை மட்டும் அசைத்தாள்.

திங்கட்கிழமை காலை அவள் வேலைக்குக் கிளம்பி நிற்கும்போது வாசலில் ஒரு பெண் பனங்கிழங்குக் கட்டோடு வந்து நின்றாள். சின்ன குற்றாலத்தின் மனைவி கோமு. பழைய தலைமையாசிரியர் சார்வாளைப் பார்க்க வந்ததாகச் சொன்னாள். நாற்காலியில் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றே பேசினாள். அழவில்லை, குரலை உயர்த்தவில்லை. சனிக்கிழமை விசாரணையில் பெரியவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது, இரண்டு அட்டையிலும் ஒரே எண் இருக்கிறது, அப்படியென்றால் நீயாகக் கொடுத்தாயா, அவனாக எடுத்தானா, இரண்டில் ஒன்றைச் சொல் என்று கேட்டிருக்கிறார்கள். நானாகக் கொடுத்தேன் என்றால் இரண்டு பேருக்கும் வேலை போகும். பெரியவருக்குக் கல்யாணத்துக்கு நிற்கிற பெண் ஒன்று இருக்கிறது. கடைசியில் பெரியவர், அட்டை வீட்டில் ஆணியில்தான் தொங்கும், அவன் வந்துபோகிற வீடுதான், எடுத்திருப்பான் என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

“வேலை போனா வேற சோலி பாத்துக்கிடலாம் சார்வாள். எங்க வீட்டுக்காரவுக அன்னையிலேருந்து பேச மாட்டேங்காவ. சாப்பிட வாங்கன்னா வாராவ, சாப்பிடுதாவ, எந்திச்சுப் போயிருதாவ. அண்ணன் வாயால திருடன்னு சொல்லிட்டானேன்னு அது ஒண்ணுதான் மனசுல நிக்கி. நடுவுல ஒரே ஒரு சுவருதான். இன்னைக்குக் காலையில ரெண்டு வீட்டுக் கதவையும் சாத்தியிருக்கு.”

பிறகு அவள் ரீபாவின் பக்கம் திரும்பினாள். நீங்கள் அந்த மிஷினுக்குப் படித்தவர்களாமே, யார் எடுத்தது என்று அதற்குள் பார்க்க முடியுமா அம்மா, என்று கேட்டாள். கேட்ட விதத்தில் ஒரு குத்தலும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். யாரும் எடுக்கவில்லை என்று ரீபா அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். கிங்ஸ்டனின் முகமும், தான் டைப் அடித்த அந்த வரியும் கண் முன்னால் வந்து நின்றன. பார்த்துச் சொல்கிறேன் என்றாள். கோமு தலையசைத்துவிட்டு, கிழங்குக் கட்டை வாசல்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஞானசிகாமணி மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை அவள் எதற்காக அந்தப் பேச்சை எடுத்தாள் என்று இப்போது அவருக்குப் புரிய ஆரம்பித்திருக்க வேண்டும். அவள் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளிக்கிழமை மத்தியானமே தெரியும் என்பதையும் சொன்னாள். அவர் கண்டிப்பார் என்று எதிர்பார்த்தாள். கண்டித்திருந்தால் தேவலை. அவர் பனங்கிழங்குக் கட்டைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு வந்து, ஒருத்தனுக்கு ஒரு நாள் தள்ளிப் போட்டிருக்கலாம், ஜூன் ரெண்டு என்று எழுதினால் யார் வேண்டாம் என்றிருப்பார்கள், என்றார். உங்கள் தப்பு இல்லை அப்பா என்று அவள் சொன்னது எரிந்து விழுந்த மாதிரி வெளியே வந்தது.

புதன்கிழமை கிங்ஸ்டனும் அவளும் ஒரே பஸ்ஸில் மில்லுக்குப் போனார்கள். அவன் வழி நெடுக அவளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டு வந்தான். மிஷினில் தூசி, மழைக்காலத்து ஈரம், அதனால் ஒரு எண்ணை இன்னொன்றாகப் படித்துவிட்டது, அவ்வளவுதான், நீ வாயைத் திறக்கவே வேண்டாம். ஜன்னலுக்கு வெளியே பச்சைப் பசேலென்று வயலும் வாழையும் ஓடின.

விசாரணை மில்லின் டைம் ஆபீஸில் நடந்தது. கார்த்திகேசன் நடு நாற்காலியில். ஒரு பக்கச் சுவரோரம் பெரியவர், எதிர்ச் சுவரோரம் சின்னவர். சின்னவர் உட்கார்ந்தே பெரியவர் நின்ற உயரம் இருந்தார். ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க இரண்டு பேரும் படாத பாடு பட்டார்கள். கிங்ஸ்டன் தூசியையும் ஈரத்தையும் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்ட கார்த்திகேசன், அப்படியென்றால் இரண்டு அட்டையிலும் இருப்பது வேறு வேறு எண்ணா என்று கேட்டார். கிங்ஸ்டன் விழித்தான். இல்லை, எண் ஒன்றுதான், ஆனால், என்று இழுத்தான். ஒன்றுதான் என்றால் ஒன்று மற்றதன் நகல்தானே, நீங்கள்தானே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள் என்றார் கார்த்திகேசன். சின்னவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் கழுத்தைப் பார்த்த பிறகு ரீபாவால் உட்கார முடியவில்லை.

“நகல் இல்ல சார். அண்ணாச்சி ஒண்ணும் எடுக்கல. நான் போட்ட கணக்கு தப்பு. ஒரே பேரு, ஒரே தேதின்னா அது ஒரே நம்பரைத்தான் குடுக்கும். எனக்கு வெள்ளிக்கிழமையே தெரியும்.”

கடைசி வாக்கியத்தை அவள் சொல்லியிருக்க வேண்டியதில்லை. கிங்ஸ்டன் கண்ணை மூடிக்கொண்டான். கார்த்திகேசன் சட்டென்று நம்பவில்லை. கம்ப்யூட்டரைக் குற்றம் சொல்கிற கம்ப்யூட்டர்காரியை அவர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அவள் மூலையிலிருந்த கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, இல்லாத ஒரு டோக்கன் நம்பரைக் கொடுத்து, மூன்றாவதாக ஒரு எஸ். குற்றாலலிங்கத்தை உண்டாக்கினாள். பிறந்த தேதி என்ற இடத்தில் ஒன்று ஆறு ஐம்பத்தேழு என்று அடித்தாள். அதே எண் வந்தது. கார்த்திகேசன் எழுந்து வந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு அவருக்கு வந்த கோபம் ரீபாவின் மேல் பாயவில்லை; எங்கே பாய்ந்தால் திருப்பி அடிக்காதோ அங்கே பாய்ந்தது. பெரியவரின் பக்கம் திரும்பினார்.

“அப்பம் அட்டைய அவன் எடுத்தான்னு நீரு கையெழுத்துப் போட்டிருக்கீரே, அது என்னவே?”

பெரியவர் எதிர்ச் சுவரைப் பார்த்தார். அங்கே சின்னவர் இருந்தார் என்பதால் உடனே பார்வையைத் தரைக்கு இறக்கிக்கொண்டார்.

“ரெண்டுல ஒண்ணச் சொல்லுன்னு சொன்னீய சார்” என்றார்.

சின்னவர் எழுந்தார். போகலாமா என்று கார்த்திகேசனிடம் கேட்டார். போகலாம், திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடு, விட்ட நாளுக்கும் சம்பளம் உண்டு என்றார் கார்த்திகேசன். சின்னவர் ரீபாவைப் பார்த்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு அவளை எரித்தது. வெள்ளிக்கிழமை ஒரு போன் போட்டிருந்தால் இந்தக் கேள்வியே பெரியவரிடம் வந்திருக்காது. அவர் ஆணியையும் அட்டையையும் பற்றி வாயைத் திறந்திருக்க மாட்டார். இரண்டு கதவும் திறந்தே கிடந்திருக்கும். புரோகிராமில் தப்பான வரியை அழித்துவிட்டுச் சரியான வரியை எழுதலாம். அந்தச் சனிக்கிழமையை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

திரும்பி வரும்போது கிங்ஸ்டன் பஸ்ஸில் நாலு சீட் தள்ளி உட்கார்ந்தான். பாளையங்கோட்டையில் இறங்கிய பிறகுதான் பேசினான்.

“சொல்லுததா இருந்தா வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கணும். இப்பம் சொல்லி எனக்கும் ஆகல, அவனுக்கும் ஆகல.”

சொல்லாதே என்று தடுத்தவனே அவன்தான். ஆனாலும் அவன் சொன்னதில் பொய் இல்லை. இந்த மாதத்தோடு வேறு இடம் பார்த்துக்கொள் என்றும் அவன் சொல்லவில்லை, இருந்துகொள் என்றும் சொல்லவில்லை. முதலில் இதைச் சரிபண்ணிக் கொடு என்று மட்டும் சொன்னான்.

சரிபண்ணினாள். பெயரும் வேண்டாம், பிறந்த தேதியும் வேண்டாம், மனிதர்கள் சொல்கிற எதுவுமே வேண்டாம் என்று முடிவு செய்தாள். கம்ப்யூட்டரே கண்ணை மூடிக்கொண்டு ஒரு எண்ணை எடுக்கும். ஏற்கெனவே யாருக்காவது கொடுத்ததா என்று பார்க்கும். கொடுத்திருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றை எடுக்கும். அந்த எண்களைப் பூட்டி வைக்க ஒரு தனிக் கோப்பு. இரண்டு நாள் வேலை அது. முதலிலேயே இப்படிச் செய்திருக்கலாமே என்று நினைக்க நினைக்க அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பாக வந்தது. மில் முழுவதுக்கும் புது அட்டைகள் எழுதி, திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு முன்னால் வாசலில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்தாள். வந்தவர்கள் பழைய அட்டையைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கிப் போனார்கள். சார்வாள் சௌக்கியமா என்று விசாரித்தவர்களில் பாதிப்பேர் ஜூன் ஒண்ணாந் தேதிக்காரர்கள்.

சின்ன குற்றாலம் சைக்கிளில் வந்தார். சைக்கிளில் அவர் மட்டும்தான் இருந்தார். பின் கேரியரில் ஒன்றுமில்லை. அட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். மேலே பெயர் பழையபடிதான் இருந்தது. கறுப்புப் பட்டையை நகத்தால் லேசாகத் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“இனிம எங்க ரெண்டு பேரு நம்பரும் ஒண்ணா வராதுல்லா?”

“வராது அண்ணாச்சி.”

“என்ன செஞ்சாலும்?”

“என்ன செஞ்சாலும் வராது” என்றாள் ரீபா. வேலையைச் சரியாக முடித்த சந்தோஷத்தில் வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் நல்லது என்கிற மாதிரி தலையை ஆட்டினார். மிஷினில் அட்டையை இழுத்தார். பச்சை விளக்கு எரிந்தது. திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

மேஜையில் காலை ஷிப்டு அட்டைகளில் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. ரீபா நிமிர்ந்து பார்த்தாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம், பூவரச மரத்துக்குக் கீழே, பெரிய குற்றாலம் தூக்குவாளியோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. நடந்தே வந்திருக்க வேண்டும், வேட்டி விளிம்பில் புழுதி ஏறியிருந்தது. அவர் வாசலைப் பார்க்காமல் தன்னுடைய செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். சங்கு ஊதியது. காவலாளி கதவின் ஒரு பக்கத்தைச் சாத்த ஆரம்பித்தார். ரீபா அட்டையைக் கையில் எடுத்து, அவர் கண்ணில் படும்படி தூக்கிப் பிடித்தாள். ஆலங்குளம் பஸ் ஒன்று நடுவில் வந்து நின்று, ஆளை இறக்கிவிட்டுப் போனது. பஸ் போன பிறகும் அவர் அங்கேயேதான் நின்றார்.